எம்பனாடாக் கடை வரை நான்தான் முதல்

குரிகோ,
செப்டம்பர், செவ்வாய்க்கிழமை, மூக்கடைப்புடன்.

மரியாதைக்குரிய அபெல் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எல்பாவின் கணவன் எவரிஸ்தோ பொப்லேத்தே பணிவுடன் எழுதிக்கொண்டது. காற்று ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து நிற்க விடாத அந்தத் தெற்குக் கோடி ஆட்டுப் பண்ணையில் நீங்களும், உங்கள் ஆடுகளும், நாய்களும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே எல்பா நலம், பிள்ளைகள் நலம், என் மெத்தைக் கடை நலம், உங்கள் தாயார் மிக மிக நலம். என் மூக்கு ஒன்றைத் தவிர இந்தக் குடும்பத்தில் எல்லாம் நலமாகவே இருக்கின்றன. மரமில்லாத ஊரில் வாழ்கிறீர்களே என்று உங்கள் மேலும் பொறாமைப்படலாம்தான். ஆனால் இப்போதைக்கு ஒரே ஒரு ஆள் மேல் படும் பொறாமையே என் சக்திக்கு மீறி இருக்கிறது.

உங்கள் பண்ணையில் போன் எடுப்பதில்லை. பதினெட்டாம் தேதி சுதந்திர விழாவுக்கு எப்படியும் வருவீர்கள் என்றாலும், பேருந்து நிலையத்திலேயே உங்கள் தாயார் உங்கள் காதை நிரப்பிவிடுவார். அதற்கு முன்னால் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். மாமா காலமான பிறகு குடும்பத்துக்கு மூத்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால் அத்தைகூட எதிர்த்துப் பேச மாட்டார். தெற்கே மதுப் பீப்பாய் ஏற்றிப் போகும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இடுக்கி. விழாவன்று கொல்லையில் இறைச்சி சுடும்போது இடுக்கி யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். மாமா பழைய சைக்கிள் பந்தயக்காரர்; நம் ஊரிலோ பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்னால் சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு மருமகன்களும் ஒரே கிளப்பில் ஓட்டுவதைப் பார்த்து அவர் ஒரு சட்டம் போட்டார். வசந்தப் பந்தயத்தில் எங்கள் இருவரில் யார் முன்னால் வருகிறானோ அவனுக்கு இடுக்கி. அவன் நெருப்பு மூட்டுவான், இறைச்சியைப் புரட்டுவான், முதல் துண்டை வெட்டி அத்தையின் தட்டில் வைப்பான், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். பின்னால் வருகிறவன் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவான். மாமா போய்விட்டார், சட்டம் போகவில்லை. அந்த இடுக்கியை நான் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை மச்சான். விருந்து முடிந்து கழுவி வைக்கும்போது பிடித்திருக்கிறேன், அதெல்லாம் சேர்த்தியில்லை.

வால்தோவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கடைசித் தங்கை நுரியைக் கட்டியவன், என் சகலை, கேக் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுண்டக் காய்ச்சிய பால் தடவிய அடுக்குக் கேக்கோடு அத்தை வீட்டுப் படியேறுகிறவன். நான் மெத்தை தைக்கிறவன். வாராவாரம் மாமியாருக்கு ஒரு மெத்தை கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? அவன் கெண்டைக்காலைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து செதுக்கியது மாதிரி இருக்கும். அதையும் மன்னித்துவிடுவேன். அவன் மூக்கைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அலமேடா சாலையில் பிளாத்தனோ மரங்கள் பஞ்சை உதிர்க்க ஆரம்பித்தால் ஊரில் பாதிப் பேர் கைக்குட்டையும் கையுமாக அலைகிறார்கள், அந்தப் பாதிக்கு நான் தலைவன். அவனோ கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பஞ்சு மழைக்கு நடுவே கல்யாண மாப்பிள்ளை போல நடந்து வருகிறான். ஒரு தும்மல் கிடையாது. இஸ்திரி போட்ட கைக்குட்டை அவன் சட்டைப்பையில் அழகுக்கு இருக்கிறது. போதாததற்கு வசந்தத்தில் அவன் குரல் கம்மிப்போய் ரேடியோவில் பேசுகிறவர் குரல் மாதிரி ஆகிவிடும். "செப்டம்பர் வந்தா போதும், வால்தோ மாப்ள குரல்ல ஒரு மயக்கம் வந்துடுது" என்று அத்தை என் காதுபடச் சொல்கிறார். எனக்கும்தான் குரல் கம்முகிறது. எனக்குச் சொல்வது என்ன தெரியுமா? "தள்ளி நின்னு பேசுங்க மாப்ள, சாலட்ல தெறிக்குது."

கண்ணீரிலும் அப்படித்தான். நெருப்புப் பக்கத்தில் இடுக்கியோடு நிற்கும்போது வருஷா வருஷம் அவன் கன்னத்தில் கண்ணீர் வழியும். உடனே அத்தை, "எம் புருஷன நெனச்சு அழுவுறாரு பாரு, தங்கமான மனசு" என்று தானும் ஒரு பாட்டம் அழுவார். நானும் அதே நேரத்தில் சமையலறையில் கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருப்பேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அவரு எப்படியும் அழுவுற ஆளுதான், இன்னும் நாலு வெங்காயம் போடு" என்று எல்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார். ஒரே வீடு, ஒரே தண்ணீர், அவனுடையது பாசம், என்னுடையது மூக்குச் சளி. வயிறு எரிகிறது மச்சான், வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

இந்த வருஷம் விடுவதில்லை என்று குளிர்காலம் முழுக்க மழையில் நனைந்து ஓட்டினேன். மழையில் என் மூக்கு சிங்கம். நம் கெட்ட நேரம், வெயில் முந்திக்கொண்டு வந்து பந்தயத்துக்கு முந்தின வாரமே பஞ்சு பறக்க ஆரம்பித்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் தரும் மாத்திரை தும்மலை நிறுத்தும், கூடவே ஆளையும் நிறுத்திவிடும். போன வருஷம் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பாலத்துத் திருப்பத்தில் எல்லோரும் திரும்ப, நான் மட்டும் நேராகப் போனேன்; ஒரு திராட்சைத் தோட்டத்துக்காரர் என்னைக் கொடிகளுக்கு அடியிலிருந்து எழுப்பி அனுப்பினார். ஆகவே மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தேன். அத்தை பரிவோடு யூக்கலிப்டஸ் இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், மூக்கு திறக்கவில்லை, மூக்கு நுனி வெந்துவிட்டது. பந்தயத்தன்று காலையில் எல்பா ஒரு டப்பா வாசலைனோடு வந்தாள். "கிழவா, ஆடாம நில்லு. மூக்கச் சுத்தி இதத் தடவிட்டா வர்ற பஞ்செல்லாம் அதுலயே ஒட்டிக்கும், உள்ள போவாது" என்று மூக்கு, மீசை, கன்னம், தாடை எல்லாவற்றிலும் அள்ளி அப்பிவிட்டாள். பஞ்சு உள்ளே போகவில்லை என்பது உண்மை. மீதி உண்மை கீழே வருகிறது.

ஐம்பதைத் தாண்டியவர்கள் பிரிவில் தொடக்கக் கோட்டில் வரிசையாக நின்றோம். பாதிரியார் சைக்கிள்களை ஆசீர்வதித்து முடித்து ஊரே மௌனமாக நின்ற அந்தக் கணத்தில்தான் என் முதல் தும்மல் வந்தது. என் தும்மல் எப்போதும் மூன்று மூன்றாக வரும் என்பதும், நம் ஊர் ஜனங்கள் தும்மலைக் கேட்டால் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். "ஆரோக்கியம்!" என்றது கூட்டம். இரண்டாவதுக்கு "பணம்!" மூன்றாவதுக்கு "காதல்!" பாதிரியாரே மூன்றாவதில் சேர்ந்துகொண்டார். வால்தோ கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைத் திரும்பிப் பார்த்து, "சகலை, இன்னிக்கு ஜனங்க ஆதரவெல்லாம் உனக்குத்தான் போல" என்றான். அந்தக் கம்மிய குரலில் சொன்னதால் அதுகூட ஒரு வாழ்த்து மாதிரி கேட்டது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஓட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. "பொப்லேத்தே தும்முறான்டா, எவனும் ஒட்டி ஓட்டாதீங்க, மொத்தக் கூட்டமும் விழும்" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, என்னைச் சுற்றி எல்லோரும் விலகினார்கள். எனக்கு முன்னால் ராஜபாட்டை. நேரே போய் வால்தோவின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டேன். காற்றை அவன் வாங்கட்டும், நான் அவன் நிழலில் சுகமாக வருகிறேன் என்று பாலம் வரை போய்த் திரும்பி, திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி மறுபடி ஊருக்குள் நுழையும்வரை விடவில்லை. இடையில் தண்ணீர்ப் புட்டி கொடுக்க நின்ற எல்பா என் முகத்தைப் பார்த்து "ஐயோ மாதாவே!" என்று அலறிப் புட்டியை வால்தோவிடம் நீட்டிவிட்டாள். என் மனைவி, என் புட்டி, குடித்தது அவன். "நன்றி அண்ணி, தண்ணி ஜில்லுனு இருக்கு" என்றும் சொன்னான். அப்போது வந்த வெறியில் மிதித்தேன் மச்சான், என் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. அலமேடாவின் தலைப்பில் அவனைத் தாண்டினேன். தாண்டினேன்! என் முன்சக்கரத்துக்கு முன்னால் யாருமே இல்லை, வெறும் சாலையும் மரங்களும். வாழ்க்கையில் அந்தக் காட்சியை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பார்த்த மறுகணம் மரங்கள் பஞ்சை உலுக்கிவிட்டன. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தும்மினேன். "ஆரோக்கியம்!" என்று ஒரு பெரிய கூட்டம் கத்தியது. இரண்டாவது. "பணம்!" மூன்றாவது. "காதல்!" கூடவே சீழ்க்கை, மேளம், கை தட்டல். கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மூவண்ணத் தோரணம், இரண்டு பக்கமும் ஜனங்கள் துள்ளுகிறார்கள். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, மிதிப்பதை நிறுத்தி, உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "சாமி, எத்தன எம்பனாடா வேணும்?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். அது விழாவுக்காக முந்தின நாள் போட்ட, கறி அடைத்த எம்பனாடா பொரித்து விற்கும் கடையின் தோரணம். பந்தயக் கோடு இன்னும் முன்னால், நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே இருந்தது. நான் கைகளை இறக்குவதற்குள் என் சகலை என்னைக் கடந்து போனான்.

கோட்டைத் தாண்டியதும் வால்தோ சைக்கிளை விட்டு இறங்கி, தேம்பித் தேம்பி அழுதான். ஊரே உருகிவிட்டது. அத்தை ஓடிப்போய் அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஜெயிச்சாலும் எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றார். நான் வந்து சேர்ந்தபோது குழந்தைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏன் என்று புரியவில்லை. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் பார்த்தபோதுதான் புரிந்தது. முன்னால் வால்தோ வெற்றிக் கண்ணீரோடு நிற்கிறான். பின்னால் மூக்கிலிருந்து தாடை வரை வாசலைனில் ஒட்டிய வெள்ளைப் பஞ்சோடு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அது நான்தான். அத்தை அந்தப் படத்தை வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறார். என் பாதியை மடித்து உள்ளே தள்ளிவிட்டு ஒட்டியிருக்கிறார் மச்சான்.

ஆகவே மூத்தவரான உங்களிடம் முறையிடுகிறேன். எம்பனாடாக் கடை வரை நான்தான் முதல். அதற்கு அந்த அம்மாளே சாட்சி. மூக்கு உள்ளவனையும் மூக்கு இல்லாதவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுவது என்ன நியாயம்? அவனுக்கு வசந்தம் என்றால் பூ, எனக்கு வசந்தம் என்றால் போர். ஓர் ஆண்டாவது இடுக்கியை என் கையில் கொடுக்கச் சொல்லி நீங்கள் உத்தரவு போட வேண்டும். எனக்கு இறைச்சி ஆசை இல்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கொல்லையில் எனக்காக எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவதைக் கேட்க வேண்டும், உங்கள் தாயார் நான் வெட்டிய துண்டை வாயில் போட்டுக்கொண்டு "நல்லா இருக்கு மாப்ள" என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்காமல் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை, அதனால் கேட்கிறேன்.

உங்கள் ஆடுகளுக்குக் கம்பளி தடிமனாக வளரட்டும். காற்று உங்களிடம் கருணையாக இருக்கட்டும். பிள்ளைகள் மாமாவான உங்களுக்கு முத்தம் அனுப்புகிறார்கள், எல்பா அணைப்பும் ஒரு ஜோடிக் காலுறையும் அனுப்புகிறாள்.

உங்கள் நியாயத்தை நம்பியிருக்கும்,
எவரிஸ்தோ பொப்லேத்தே

பின்குறிப்பு: லாரிக்காரர் புறப்பாட்டைத் தள்ளிப்போட்டதால் இதை எழுத நேர்ந்தது. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எல்பா என்னை நேற்று ஒவ்வாமை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காத்திருக்கும் அறையில் ஒருவன் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பத்திரிகை தலைகீழாக இருந்தது. கீழே தெரிந்த கெண்டைக்காலை எனக்குத் தெரியாதா? எல்பா என்னை வாசலோடு விட்டுவிட்டு அண்டை வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே கிளம்பிவிட்டதால் அவனைப் பார்க்கவில்லை.

"சகலை, நான் முழங்கால் வலிக்கு வந்தேன்" என்றான். "இங்க மூக்குதான் பாக்குறாங்க" என்றேன். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், தும்மல் வந்துவிட்டது. அறை முழுக்க "ஆரோக்கியம்!" என்றது. அடுத்ததற்குப் பணம், அதற்கடுத்ததற்குக் காதல். அவன் நிறுத்தவில்லை. காதலுக்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓர் அம்மாள் மறுபடி ஆரோக்கியத்திலிருந்து ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துகொண்டே இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் இரண்டும் தக்காளி.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "நுரியப் பொண்ணு கேட்டுப் போனது செப்டம்பர்ல சகலை. திராட்சப் பந்தலுக்குக் கீழ உக்காந்திருக்கேன், கண்ணுல தண்ணியா ஊத்துது. மாமா 'ஏம்ப்பா அழுவுற?'ன்னாரு. எம் பொண்ணு மேல அவ்வளவு ஆசையான்னு அத்தையும் அழுவ ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அது பிளாத்தனோ மரம்னு எப்படிச் சொல்றது? கல்யாணமே அந்தக் கண்ணீர்லதான நடந்துச்சு!" என்றான். பிறகு மெதுவாக, "நீ குடுத்து வெச்சவன் சகலை. தெருவுல நின்னு, ஊரே கேக்கத் தும்முற. ஒன்னப் பாத்து எனக்கு எவ்வளவு பொறாம தெரியுமா?" என்றான்.

மருத்துவர் எங்கள் இருவர் கையிலும் ஒவ்வொரு பூவின் தூளையும் ஒரு பொட்டு வைத்து ஊசியால் குத்தினார். பிளாத்தனோவுக்கு என் கையில் பருப்பு அளவில் ஒரு வீக்கம். அவன் கையில் பொரித்தெடுத்த எம்பனாடா மாதிரி எழும்பியது. மருத்துவர் பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு மருத்துவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இத வெச்சுக்கிட்டா பந்தயம் ஓட்டினீங்க?" என்று வியந்தார்கள். செவிலி படம் எடுத்துக்கொண்டாள். என் கையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் குடும்பத்தில் எனக்கென்று இருந்தது தும்மல் ஒன்றுதான், அதிலும் அவன்தான் முதல்.

வெளியே வந்ததும் அவனே சொன்னான். "புகை என்னக் கொல்லுது சகலை. இடுக்கிய நீ எடுத்துக்க, நான் வெங்காயம் நறுக்குறேன். உள்ள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." கை குலுக்கினோம். மூக்கை உப்பு நீரில் கழுவுவது எப்படி என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். என்னிடம் அவன் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மிதப்பில் வீடு வரை நடந்தேன். வாசலுக்கு வரும்போதுதான் யோசித்தேன். நான் கொல்லையில் இடுக்கியோடு நிற்பேன், எல்லோரும் கை தட்ட எழுவார்கள். அப்போது சமையலறையில் அவன் வெங்காயம் நறுக்கி அழுதுகொண்டிருப்பான். அத்தை எட்டிப் பார்ப்பார். தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடி, தன் மேலங்கி நுனியால் அவன் கண்ணைத் துடைத்துவிடுவார். இத்தனை வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன் மச்சான், என் கண்ணை அவர் ஒரு தடவை துடைத்ததில்லை.

ஆகவே மேலே எழுதிய முறையீட்டை முழுவதும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கி அவனிடமே இருக்கட்டும் என்று உத்தரவு போடுங்கள். வெங்காயத்தை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.